அப்பாவுக்குத் தெரியும், தங்கச்சி

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆள் அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 60-ஐத் தொடுகிறது. வயலில் ஒன்றும் தேறாமல் 1987-ல் தாராவியில் இருந்த சொந்தக்காரர் ஒருவரை நம்பி பம்பாய்க்கு ரயிலேறியவர். ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் துணியும் தயாரிக்கிற ஆலையில் வேலை கிடைத்தது. 2002-ல் ஆட்குறைப்பு வந்தபோது கணக்கு முடித்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். அப்புறம் கொஞ்சம் விவசாயம், ஒரு பெட்டிக்கடை. போன வருஷம் வலது பக்க நெஞ்சில் நீர் கோர்த்தது. டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், நீர் எடுக்க எடுக்கத் திரும்ப ஊறிக்கொண்டே இருந்தது. பிறகு சதை எடுத்துப் பரிசோதித்ததில் மீசோதீலியோமா என்று வந்திருக்கிறது, அதாவது நுரையீரலைச் சுற்றியிருக்கிற உறையில் வருகிற புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்திருக்கிறது.

அப்பாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. "ஏட்டி, அவியகிட்ட சொல்லிராத, மனசு விட்டுருவாவ" என்று அத்தை சத்தியம் வாங்கிவிட்டார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அதற்குத்தான் டிரிப்ஸ் என்பதுதான் வீட்டில் ஓடுகிற கதை. டிபி என்று சொன்ன நாளிலிருந்து அப்பா தனக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வைத்துக்கொண்டார், பேரனை மடியில் உட்காரவிடுவதில்லை. அம்மா பீடி சுற்றுகிறவர். அந்தப் புகையிலைத் தூசிதான் அப்பாவைப் பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதிலிருந்து பீடித்தட்டைத் தொடுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. சென்னையில் இருக்கிற அண்ணன் வயலை விற்றாவது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்கிறார். கடிதம் எழுதியவரின் கணவர் துபாயில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்து தங்கி, எல்லாவற்றையும் இவர் ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கோணலாகிப் போயிருக்கிறது. கஞ்சியைத் துப்பிய அப்பாவைப் பார்த்து "என்னையக் கொல்லதுக்குன்னே இப்படிப் பண்ணுதியளா" என்று கத்திவிட்டாராம். "இது சீக்கிரம் முடிஞ்சிட்டாத் தேவலைன்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன் டாக்டர். நான்லாம் ஒரு மகளா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது உறுத்திக்கொண்டிருக்கும்வரை நான் எழுதுகிற மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. நான் பாலியேட்டிவ் மருத்துவம் பார்க்கிறவன். வலி, மூச்சுத்திணறல், ராத்திரிப் பயம், இவற்றோடு வருகிறவர்களையும் அவர்களைக் கூட்டிவருகிறவர்களையும் பார்ப்பதுதான் வேலை. இந்த மாதிரி நோய் வந்த வீட்டில் மாதக்கணக்காகக் கண் விழித்தவர்கள், அறை காலியான பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, நீங்கள் எழுதிய இதே வரியைத்தான் சொல்கிறார்கள். மகளும் சொல்கிறாள், 30 வருஷம் கூட வாழ்ந்த மனைவியும் சொல்கிறாள். மூச்சுக்குத் திணறுகிற மனுஷனின் முதுகைத் தடவிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவருக்கு இது முடியாதா என்று தோன்றத்தான் செய்யும், முடியவேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது அவர் படுகிற பாடு. கத்தினதற்கு, "கோவத்துல சொல்லிட்டேன்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது போதும். அப்பாமாருக்கு இதெல்லாம் புரியும்.

சாப்பாட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோயில் சண்டை பெரும்பாலும் கஞ்சியில்தான் ஆரம்பிக்கிறது. அப்பா மெலிவது சாப்பிடாததால் இல்லை. நோய் உடம்பின் சதையையும் கொழுப்பையும் கரைக்கிறது, பசியையும் சேர்த்து அடிக்கிறது. கட்டாயப்படுத்தி ஊட்டினால் எடை கூடாது, ஓங்கரிப்புதான் கூடும். ஒரு கரண்டி சொதி சாதம், அரை டம்ளர் மோர், அவர் கேட்கும்போது, கேட்ட அளவு. தட்டு நிறைய வைத்துக்கொண்டு எதிரில் உட்காராதீர்கள் என்று அம்மாவிடமும் சொல்லுங்கள்.

சத்தியத்தைப் பற்றி

கடிதத்தின் நடுவில் ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதை மூன்று தடவை படித்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பா தானாகவே விஏஓ ஆபீஸுக்குப் போய், பட்டாவில் அம்மா பெயரைச் சேர்க்க என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். சொசைட்டியில் நகைக்கடன் பாக்கி எவ்வளவு என்று கணக்குப் பார்த்திருக்கிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேரனுக்குக் கொடுத்திருக்கிறார். சளி கட்டினவர் செய்கிற வேலையா இது? கீமோ வார்டு வாசலில் என்ன போர்டு மாட்டியிருக்கிறது என்று அவருக்கு வாசிக்கத் தெரியும், பக்கத்துக் கட்டிலில் முடி கொட்டிக் கிடக்கிறவரோடு பேசவும் தெரியும், பம்பாயில் 15 வருஷம் குப்பை கொட்டிய மனுஷர். அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன், அநேகமாக முழுசாக. நீங்கள் கலங்கிவிடக்கூடாது என்று அவர் கேட்காமல் இருக்கிறார், அவர் கலங்கிவிடக்கூடாது என்று நீங்கள் சொல்லாமல் இருக்கிறீர்கள்.

சொன்னால் மனசு விட்டுவிடுவார் என்று அத்தை பயப்படுவது நியாயமான பயம்தான், அன்பில் வருகிற பயம். ஆனால் நான் பார்த்தவரை நடப்பது வேறு. கேட்டதும் அழுவார்கள், சிலர் இரண்டு மூன்று நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள், அப்புறம் எழுந்து உட்கார்ந்து என்ன ஏது என்று கேட்க ஆரம்பிப்பார்கள். சொல்லாமல் விட்டால் கற்பனை பண்ணிக்கொள்வதுதான் பல சமயம் உண்மையைவிட மோசமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலேயே பாருங்கள், அந்தத் தனி டம்ளர். தன் மூச்சுக்காற்று பேரனுக்குப் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். மீசோதீலியோமா ஒட்டுகிற வியாதியே கிடையாது. எச்சில், இருமல், ஒரே தட்டு, ஒரே பாய், எதிலும் பரவாது. இதை அவரிடம் சொல்லவேண்டும் என்றால் நோயின் பெயரையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாததனால் பிள்ளையை மடியில் வைக்கிற சந்தோஷம் தினமும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

எப்படிச் சொல்வது? காலையில் காப்பி குடித்து, மூச்சு கொஞ்சம் நிதானமாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். கூட்டம் வேண்டாம். சொல்வதைவிடக் கேட்பதில் ஆரம்பியுங்கள்: "டாக்டர் சொன்னது ஒங்களுக்கு என்னன்னு தோணுதுப்பா? எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிடணுமா, இல்ல நாங்களே பாத்துக்கிடட்டுமா?" நீங்களே பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டால் அதுவும் அவருடைய முடிவுதான், அதற்குமேல் வற்புறுத்தக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். "கேன்சரா?" என்று நேராகக் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை மாதம் என்று அவராகக் கேட்டாலொழிய நீங்கள் அதை எடுக்கவேண்டாம், கேட்டாலும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். கீமோ கொடுக்கிற டாக்டரிடம் "அப்பாகிட்ட நீங்க பேசணும், நான் கூட இருக்கேன்" என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சத்தியத்துக்கு என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். அத்தையிடம் முதலில் போய், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டாக்டர் சொல்லச் சொல்லிவிட்டார் என்று பழியை என் தலையில் போட்டுவிடுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

பீடி, வேலைத் துணி, கூரை ஷீட்

உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். அம்மாவுக்குப் பீடித்தட்டு, அப்பாவுக்கு அவர் குடித்த பீடி, உங்களுக்கு அந்த ஆறு மாத டிபி மாத்திரை. இதில் எதுவும் இந்த நோயைக் கொண்டுவரவில்லை.

மீசோதீலியோமாவுக்கு முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் நார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார், மூச்சில் போய் நுரையீரல் உறையில் தங்கிவிடும், உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அங்கே கிடந்து புண்ணாக்கிப் புண்ணாக்கி, பெரும்பாலும் 20 முதல் 50 வருஷம் கழித்துத்தான் நோயாகத் தெரியவரும். 1987-ல் ஆலைக்குள் போனவருக்கு இப்போது வந்திருப்பது அந்தக் கணக்குக்குள்தான் விழுகிறது. புகைபிடிப்பது மீசோதீலியோமாவைக் கொண்டுவருவதில்லை. சாதாரண நுரையீரல் புற்றுநோயில் கதை வேறு, ஆஸ்பெஸ்டாஸ் வேலையும் புகையும் சேர்ந்தால் அங்கே ஆபத்து பல மடங்கு. இரண்டையும் ஜனங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பீடி சுற்றுகிறவர்களுக்குப் புகையிலைத் தூசியால் இருமல், இழுப்பு, தலைசுற்றல் என்று அவர்களுக்கான தொந்தரவுகள் உண்டு, அதற்கு அம்மா தனியாக ஒரு டாக்டரைப் பார்க்கட்டும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றி யாருக்கும் இந்த நோயைக் கொடுக்க முடியாது. இதை நீங்கள் சொன்னால் அம்மா ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார், அதனால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயால் கேட்கவையுங்கள். அப்பாவிடமிருந்து பீடிக்கட்டைப் பிடுங்குகிற சண்டையையும் விடுங்கள். நிறுத்தினால் இருமல் குறையும், அதற்காக நிறுத்தச் சொல்லலாம், தண்டனை மாதிரி வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் வைக்கிற நிலை வந்தால் மட்டும் கண்டிப்பு: அந்த அறையில் பீடி, தீப்பெட்டி, விளக்கு எதுவும் கூடாது.

டிபி மாத்திரை பற்றி. நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோர்த்தால் டாக்டர்கள் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள், அவ்வளவு டிபி இருக்கிறது. மீசோதீலியோமாவை நீரைப் பரிசோதித்து மட்டும் கண்டுபிடிப்பது பல நேரம் முடியாது, உறையிலிருந்து சதை எடுத்துத்தான் தீர்மானிக்கவேண்டும். பம்பாயில் என்ன வேலை பார்த்தார் என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம்தான். கேட்கவேண்டியது டாக்டரின் வேலை, நீங்கள் அதைத் தெரிந்து வைத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை.

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்கிறேன். அப்பா வேலை விட்டு வரும்போது மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி தலையும் சட்டையும் வெள்ளையாக இருக்கும், ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வேன், அம்மா அந்தச் சட்டையை உதறித் துவைப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வீட்டுக்கு வந்த தூசியால் மனைவி பிள்ளைகளுக்கு நோய் வந்தது உலகத்தில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் ஆபத்து ஆலைக்குள் வேலை பார்த்தவரைவிடக் குறைவு, பூஜ்யம் இல்லை. வருஷா வருஷம் சிடி ஸ்கேன் எடுத்து இதை முன்கூட்டியே பிடிக்கலாம் என்பதற்கு நிரூபணம் இல்லை, அதனால் பயத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். என்றைக்காவது விடாத நெஞ்சுவலி, மூச்சுவாங்கல், நெஞ்சில் நீர் என்று வந்தால் முதல் வாக்கியமாக இந்த ஆலை விஷயத்தைச் சொல்லுங்கள். இந்தப் பயம் அப்பாவுக்கும் உள்ளே இருக்கலாம். 'நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்' என்று ஆலைத் தொழிலாளிகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பிள்ளை இருமினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆலையில் முகமூடியும் கொடுக்கவில்லை, தூசி இப்படிப்பட்டது என்று சொல்லவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் கூலிக்குப் போனார், அவ்வளவுதான்.

மாட்டுக்கொட்டகை மேலே இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடனே பிரித்துப் போடவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படவேண்டாம். உடையாத ஷீட் சும்மா கிடந்தால் பெரிதாக நார் பறக்காது. உடைப்பதும், அறுப்பதும், துளை போடுவதும், உடைந்த துண்டைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுவதும்தான் வினை. மாற்றுகிற அன்றைக்குத் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். எங்கள் ஊரில் கட்டடம் இடிக்கிறவர்கள் கடப்பாரையால் படார் படார் என்று உடைத்துத் தள்ளுவதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும், நம் கூரை ஷீட்டில் இருக்கிற வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட, புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் முழுக்கத் தடை செய்துவிட்டது. நாம் தோண்டுவதை நிறுத்திவிட்டு, கப்பலில் வரவழைத்துக்கொண்டிருக்கிறோம். சரி, அந்தக் கோபத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கம்பெனி மேல் கேஸ்

நான் வக்கீல் இல்லை, இப்படிப்பட்ட குடும்பங்களோடு பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழில்சார் நோய் என்று 1923-ம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருந்தது. 'வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆச்சே' என்பதாலேயே உரிமை போய்விட்டதாக முடிவு கட்டாதீர்கள். மனுவுக்குக் காலக்கெடு உண்டு, போதிய காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும் வழி உண்டு. 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொகுப்புகள் வந்துவிட்டதால் எந்தப் பிரிவில் போடுவது என்பதை வக்கீல்தான் சொல்லவேண்டும். ஆலையில் இஎஸ்ஐ காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்திருந்தார்களா என்று முதலில் பாருங்கள், பிடித்திருந்தால் போகவேண்டிய வழியே வேறு.

1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவருடைய வாழ்வுரிமையில் சேர்ந்தது என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது விலகியதிலிருந்து 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஆலை பாதுகாக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது. உங்கள் அப்பா கணக்கில் அது 2027 வரை வருகிறது. அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டு ஒரு ரிஜிஸ்டர் தபால் போடுவது இப்போதே செய்யக்கூடிய காரியம்.

வக்கீலுக்குச் செலவு செய்யவேண்டாம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பாளையங்கோட்டை கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பிஎஃப் எண், சம்பளச் சீட்டு, கேட் பாஸ், கணக்கு முடித்த கடிதம், டிரங்குப் பெட்டியில் என்ன கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் 15 வருஷம் வேலை பார்த்தார் என்பதை ஆஸ்பத்திரி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள், சதைப் பரிசோதனை (பயாப்சி) ரிப்போர்ட்டில் இரண்டு நகல் எடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி அப்பாதான். எந்தப் பிரிவில் நின்றார், நாரைப் பிரிக்கிற இடத்திலா, நெய்கிற இடத்திலா, பக்கத்து மெஷினில் யார், அவர்கள் இப்போது எங்கே, இதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நோய் என்னவென்றே சொல்லாமல் அவரிடமிருந்து இதை எப்படி வாங்குவீர்கள்? அதனால்தான் சத்தியத்தை முதலில் எடுத்தேன். கேஸ் வேண்டுமா என்பதும் அவர் சொல்லவேண்டியது. சிலர் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று உடனே சரி என்பார்கள். சிலர் "சோறு போட்ட கம்பெனில்லா" என்று தயங்குவார்கள். அந்தச் சம்பளத்தில்தான் உங்களைப் படிக்கவைத்தார், அதுவும் பொய்யில்லை, இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு அவர் திண்டாடுவார், அவசரப்படுத்தாதீர்கள். சம்மதித்தால் மூச்சு நன்றாக இருக்கிற நாளில் போனிலேயே வீடியோவாகப் பேசவைத்து எடுத்து வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. தீர்ப்பு வர வருஷங்கள் ஆகலாம், அவர் காலத்துக்குள் வராமலும் போகலாம். லட்சக்கணக்கில் வரும் என்று கணக்குப் போடுகிற சொந்தக்காரர்களை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

வயல்

அண்ணனுடைய தவிப்பும் புரிகிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பணம்தான் கையில் கிடைக்கிற ஒரே ஆயுதம். ஆனால் எண்களை அவர் முன்னால் வையுங்கள். அப்பாவுக்கு இப்போது போகிற கீமோ பெமட்ரெக்ஸெட்டோடு பிளாட்டினம் மருந்து சேர்ந்தது என்று ரிப்போர்ட்டில் பார்த்தேன். இது உலகம் முழுக்கக் கொடுப்பதுதான், சென்னை போனாலும் இதையே ஏற்றுவார்கள். 2003-ல் வந்த பெரிய ஆய்வில் சிஸ்பிளாட்டின் என்கிற பிளாட்டினம் மருந்து மட்டும் கொடுத்தவர்களில் பாதிப் பேர் 9 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், பெமட்ரெக்ஸெட்டும் சேர்த்தபோது அது 12 மாதமானது. 2021-ல் வெளியான இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற மருந்து) ஆய்வில், கீமோவில் 14 மாதமாக இருந்தது 18 ஆனது. இதைவிட நீண்ட காலம் இருக்கிறவர்களும் உண்டு, குறைவாக இருக்கிறவர்களும் உண்டு. இம்யூனோதெரபிக்கு லட்சக்கணக்கில் போகும், நோயை முழுசாகக் குணப்படுத்தாது. சதைப் பரிசோதனையில் எந்த வகை என்று இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பலனும் மாறும், டாக்டரிடம் அதைக் கேளுங்கள். வேறொரு டாக்டரிடம் ஒரு தடவை கருத்துக் கேட்க ஃபைலோடு அண்ணன் மட்டும் போனால் போதும், அப்பாவை ரயிலில் ஏற்றவேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, அதில் இன்னும் என்ன மிச்சம் என்றும் பாருங்கள். வயல் அப்பாவுடையது. அதை விற்று நாலு மாதம் வாங்கவேண்டுமா, அம்மாவுக்கு விட்டுப்போகவேண்டுமா என்று அவரைக் கேட்காமல் முடிவு செய்தால் அது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

ராத்திரியும் நீங்களும்

மூச்சு முட்டும்போது பயம் வரும், பயத்தில் மூச்சு இன்னும் முட்டும். அந்த நேரத்தில் நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் தலையணை வைத்துச் சாயவிடுங்கள், டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், சுற்றி நிற்கிறவர்களை வெளியே அனுப்புங்கள். முகத்தில் காற்று பட்டாலே திணறல் கொஞ்சம் அடங்கும். நீர் திரும்ப ஊறினால் எடுத்துவிடலாம், ஊறாமல் ஒட்டவைக்கிற சிகிச்சையும், வீட்டிலேயே வடிக்கிற மெல்லிய குழாயும் இருக்கின்றன. குறைந்த அளவு மார்ஃபின் வலிக்கு மட்டுமில்லை, திணறலுக்கும் கேட்கும். மார்ஃபின் என்றால் கடைசி மருந்து, அடிமையாகிவிடுவார் என்றெல்லாம் சொல்வார்கள். டாக்டர் சொன்ன அளவில், நோய்க்காகக் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கல் கண்டிப்பாக வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே வாங்குங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

அண்ணனிடம் 'நீயும் வந்து பாரேன்' என்று பொதுவாகச் சொன்னால் வரமாட்டார். மாதத்தில் இந்த வாரம் உன்னுடையது, நான் என் வீட்டில் தூங்கப் போகிறேன் என்று தேதி சொல்லிக் கேளுங்கள். மதினி வந்தாலும் சரிதான். விசாரிக்க வருகிற சொந்தங்கள் யூடியூப் கஷாயத்தோடு வருவார்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கிறோம் என்று வாங்கி வைத்துவிடுங்கள், விவாதம் வேண்டாம். வருகிறவர்களை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம், ரேஷன் கடைக்குப் போகச் சொல்லுங்கள், பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவரச் சொல்லுங்கள். அப்பா இருக்கும்போதே அழுகை வருவது அபசகுனம் என்று அடக்கிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. இழப்பு வருமுன்னாலேயே துக்கம் தொடங்கிவிடுகிற நோய் இது, அழுதுவிடுங்கள், அப்பா முன்னால் அழுதாலும் தப்பில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது வெறும் அலுப்பு இல்லை. அம்மாவும் சாப்பிடாமல் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும், காசு கிடையாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அப்பாவுக்கும் இதே அறிகுறிகள் இருந்தால் நோயில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, கீமோ நடக்கும்போதும் கொடுக்கலாம்.

உறையின் பின்புறம் கிறுக்கியிருந்த கேள்வி மிச்சம் இருக்கிறது. பாபநாசம் போய் ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அப்பா கேட்கிறார், அனுப்பலாமா என்று. தாராளமாக. கீமோ ஏற்றி முதல் இரண்டு வாரம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும், அப்போது ஆற்றுத் தண்ணீர் வேண்டாம், அடுத்த கீமோவுக்கு முந்தின சில நாளில், ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அமாவாசை, விசேஷ நாள் கூட்டம் வேண்டாம். முங்கவேண்டாம், நெஞ்சில் குழாய் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது, படித்துறையில் உட்காரவைத்துக் கால் கைக்குச் செம்பில் ஊற்றினால் போதும். வலிக்கு எழுதிக்கொடுத்த மருந்தைக் கிளம்ப அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள், காரில் முன் சீட்டைச் சாய்த்துப் போடுங்கள். அண்ணன் வந்திருக்கிற வாரத்தில் வைத்துக்கொண்டால் நல்லது, அந்தப் படியில் ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும்.